பனிமலைக் காவலர்

தோற்றுவாய்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாத தொழில்களுட் காவற்றொழிலும் ஒன்று. ஊர்க்காவல், வயற்காவல், கடற்காவல் என்பன நாம் நெடுநாளாக அறிந்தவை. பனிமலைச் சரிவிலே சறுக்கி விளையாடுவாரைக் காக்கும் காவல் ஒன்று உண்டென்பதும், அதனையே தொழிலாகக் கொண்டு பனிக்காலந்தோறும் கடல்கடந்து சென்று பணிபுரிவார் உளரென்பதும் நம்மிற் பலர் அறியாதவை. அக்காவலின் இயல்பினையும், அதனை மேற்கொள்வார்க்கு வேண்டும் தகுதியினையும் ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றேம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற கோடை விடுமுறையில் யாம் எம்மூராகிய கம்மாபுரத்தில் தங்கியிருந்தகாலை, எமக்கு மூத்தவராகிய நண்பர் ஒருவர், தாம் பனிச்சறுக்குக் காவலராகப் பயின்று அயல்நாட்டில் ஒரு பனிப்பருவம் பணியாற்ற விரும்புவதாக உரைத்தார். அவர் கல்லூரியிற் பயின்றபோது தேசிய மாணவர் படையின் வாயிலாக இமயமலைச் சாரலில் மலையேற்றப் பயிற்சி பெற்றவர். தேநீர்க்கடையில் உடனிருந்தோர் நகைத்தனர். "பனி என்பது மார்கழியில் வைக்கோற்போரின் மேல் நிற்பது. அதற்கே நாம் தலையில் துண்டு கட்டிக்கொள்கிறோம். நீ போய்ப் பனிமலையைக் காப்பதோ?" என்றார் ஒருவர். நண்பர் விடை கூறவில்லை. யாமும் அன்று விடை அறியேம். பனி பெய்யாத நிலத்திற் பிறந்தான் ஒருவன் பனிமலைக் காவல் பூணலாகுமா என்னும் அவ்வினா எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. கல்லூரிக்கு மீண்டபின் அதுபற்றிப் பலவும் படித்தறிந்ததன் பயனே இக்கட்டுரை.

பனி என்னும் சொல்

நகைத்தவர் கூற்றில் ஓர் உண்மை உண்டு. தமிழிற் பனி என்னும் ஒரு சொல்லே, புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும், விடியலில் வெளியை மறைக்கும் மூடலையும், குளிரையும், மலைமுடியில் வெண்ணிறமாய்க் கிடப்பதனையும் ஒருங்கே குறிக்கின்றது. ஆண்டினை அறுபொழுதாகப் பகுத்த நம் முன்னோர், மார்கழியும் தையும் முன்பனி என்றும், மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் வழங்கினர். ஆனால் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தவிடத்துப் பனிநிலத்துக்கென ஒரு திணை வகுத்திலர். அத்தகைய நிலம் தமிழகத்தில் இன்மையே அதற்குக் காரணமாம். உதகையிற் குளிர்காலத்து விடியலிற் புல்லை வெளுக்கச் செய்வதும், காற்றிலுள்ள நீராவி தரையிற்பட்டு உறைவதேயன்றி, வானினின்று பெய்வதன்று. இமயத்தை நம் புலவர் நன்கறிந்திருந்தனர். கண்ணகிக்குப் படிவம் சமைத்தற்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்தினின்று கல் கொணர்ந்தமையைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கின்றது. ஆயினும் ஒரு மலையை அறிதல் வேறு. ஆண்டுத் தங்கிப் பணிபுரிதல் வேறு.

ஆகலின், வானினின்று பெய்து நிலத்திற் படிவதனை வெண்பனி என்றும், அது மலைப்பக்கத்தினின்று பெயர்ந்து திரண்டு இழிதலைப் பனிச்சரிவு என்றும் இக்கட்டுரையில் வழங்குவேம். இரு காலிலும் நீண்ட கட்டைகளைப் பிணித்துக்கொண்டு வெண்பனிமேல் விரைந்து இழியும் ஸ்கீ என்னும் விளையாட்டினைப் பனிச்சறுக்கு என்பேம்.

வெண்பனியின் இயல்பு

மலைச்சரிவிற் கிடக்கும் வெண்பனி, பார்வைக்குப் பஞ்சுப்பொதிபோல ஒரே தன்மையதாய்த் தோன்றும். உண்மையில் அஃது ஏடுகளை அடுக்கிய சுவடி போன்றது. பனி பெய்யுந்தோறும் ஓர் ஏடு படிகின்றது. ஓரேடு காற்றால் இறுகும். மற்றோரேடு வெயிலால் இளகி மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் வழுவழுப்பாகும். மேகமற்ற இரவின் கடுங்குளிரிற் பனியின் மேற்பரப்பிலே இறகு போன்ற மெல்லிய படிகங்கள் முளைப்பதும் உண்டு. அவற்றின்மேல் மறுபடியும் பனி பெய்து மூடிவிடின், பற்றில்லாத ஓர் ஏடு உள்ளே ஒளிந்து நிற்கும். மேலே பாரம் மிகுந்தவழி அவ்வேடு நொறுங்க, அதன் மேலுள்ள பனி முழுதும் பலகைபோற் பிளந்து ஒருங்கே இழியும். பனிச்சறுக்குவாரைக் கொல்லும் பனிச்சரிவுகளிற் பெரும்பாலானவை இவ்வகையினவே. அப்பாரம் ஒரு மனிதனுடைய எடையளவாகவும் இருக்கலாம். விளையாட்டின்பொருட்டு மலைக்குச் சென்று பனிச்சரிவில் இறந்தாரிற் பெரும்பாலார், தாமேனும் தம்முடன் வந்தாரேனும் தூண்டிய சரிவினாலேயே இறந்தனர் என்பது ஆராய்ந்தோர் கண்ட உண்மை.

இத்தகைய பனிச்சரிவு பெரும்பாலும் 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் நிகழ்கின்றது. அதனினும் குறைந்த சாய்வில் வெண்பனி எளிதில் நழுவாது. அதனினும் மிக்க சாய்விலோ, அது திரண்டு தங்காது அவ்வப்போது உதிர்ந்துவிடும். பனிச்சறுக்கில் வல்லார் பெரிதும் விரும்புஞ் சரிவுகளும் இச்சாய்வினவே என்பது கருதத்தக்கது.

புதையுண்டார்க்குக் காலமே உயிர். முதற் பத்து நிமிடத்துள் அகழ்ந்தெடுக்கப்படுவாரிற் பெரும்பாலார் பிழைப்பர். அரைமணி கடந்தபின் எடுக்கப்படுவாரிற் பெரும்பாலார் பிழையார். இழிந்த பனி ஓடி நின்றவுடன் சாந்துபோல இறுகிவிடுதலின், புதையுண்டான் பலமுறையும் தன் விரலை அசைத்தற்கும் இயலாதவனாவான். ஆகலின் பனிமலைக் காவலர் மூன்று கருவிகளை எப்பொழுதும் உடன்கொள்வர். ஒன்று, 457 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிற் குறிப்பனுப்பவும் பிறர் அனுப்புங் குறிப்பினைத் தேடவும் வல்ல சிறு வானொலிக் கருவி. மற்றொன்று, பனிக்குள் ஊன்றித் துழாவுதற்குரிய நீண்ட மடக்குக்கோல். மூன்றாவது, மண்வெட்டி போன்ற பனிவாரி. இம்மூன்றனுள் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் பயன்படா என்பர்.

சுரங்கங் கற்பித்த பாடம்

இவற்றையெல்லாம் யாம் அடுத்த விடுமுறையில் ஊர்சென்று நண்பர் இல்லத்துத் திண்ணையிற் படித்துக் காட்டினேம். அவருடைய தந்தையார் அருகிருந்து செவிமடுத்தார். அவர் நெய்வேலிச் சுரங்கத்திற் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். மகன் பனிநாடு செல்லுதலை விரும்பாதவர்.

எம் பக்கத்து ஊர்களின் வாழ்க்கை அச்சுரங்கத்தோடு பிணைந்தது என்பதைப் பலர் அறிவர். 1956ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957இல் அகழ்வு தொடங்கி, 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. திறந்த வெளியில் அகழப்படும் அச்சுரங்கத்தின் பக்கங்கள் செங்குத்தான சுவர்களாக நில்லா. மாபெரும் படிகளாக வெட்டப்பட்டுக் கீழிறங்கும். மேலே மணற்பாறையும் களியும் அடுக்கடுக்காகக் கிடக்கும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே, மேனோக்கி அழுத்தும் நீர் தேங்கி நிற்கும். அதனை இராப்பகலாக இறைத்தாலன்றிச் சுரங்கம் நிலைபெறாது. ஆண்டுப் பணிபுரிவார்க்குச் சரிவும், அடுக்கும், பாரமும், நீரும் நாடோறும் பழகிய பொருள்கள்.

யாம் படித்து முடித்தபின் அம்முதியவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்பு கூறினார்: "மண்ணும் இப்படித்தான், தம்பி. மேலே கிடக்கும் பாரம் தானாகச் சரிவதில்லை. இடையிலே நனைந்த களி ஓரடுக்கு இருந்தால், அதன்மேல் இருப்பதெல்லாம் வழுக்கிக்கொண்டு வரும். மழைநாளில் விரிசல் கண்டால் முதலில் ஆட்களை வெளியேற்றுவோம். காரணத்தைப் பிறகு பார்ப்போம்." பின்னர் மகனை நோக்கி, "அங்கே ஆட்களை வெளியேற்றும் அதிகாரம் உனக்கு உண்டா?" என்று வினவினார்.

யாம் படித்த நூல்கள் பலவும் எமக்கு உணர்த்தாத ஒன்றினை அவ்வொரு வினா உணர்த்தியது. பனிமலைக் காவலின் உயிர்நிலை யாது என்பதே அது. அதற்கு விடை காண்டற்கு அக்காவலின் வரலாற்றினையும், ஒருநாட் பணியினையும் நோக்குதல் வேண்டும்.

காவலின் வரலாறு

பனிமலையில் வழிப்போக்கரைக் காத்தல் பழையதோர் அறம். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே 2,469 மீட்டர் உயரமுள்ள பெரிய புனித பெர்னார்டு கணவாயில், பதினோராம் நூற்றாண்டில் துறவிகள் ஒரு சத்திரம் அமைத்தனர். பனியில் வழிதவறினாரைத் தேடி உணவும் உறையுளும் அளித்தலை அவர் தம் தவமாகவே கொண்டனர். அவர் வளர்த்த பெருநாய்கள் பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்றன. அவற்றுள் 1814இல் இறந்த பாரி என்பது நாற்பதின்மர்க்கு மேற்பட்டாரைக் காத்ததெனச் சொல்லப்படும். அதன் உடல் பெர்ன் நகரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் பேணப்படுகின்றது.

விளையாட்டின்பொருட்டுச் செல்வாரைக் காக்கும் முறையான காவலோ சென்ற நூற்றாண்டிலே தோன்றியது. அமெரிக்க நாட்டுச் சார்லஸ் மைனட் டோல் என்பார் 1936ஆம் ஆண்டிற் பனிச்சறுக்கும்போது கணுக்கால் முறிந்து மலையிற் கிடந்தார். அவரைத் தக்கவாறு எடுத்துச் செல்லும் கருவியோ பயிற்சி பெற்ற ஆளோ அங்கில்லை. நண்பர் சிலரே அரிதின் முயன்று கீழே கொணர்ந்தனர். அவ்வாண்டிலேயே அந்நண்பருள் ஒருவர் பனிச்சறுக்குப் பந்தயத்தில் விபத்துற்று உயிர் துறந்தார். இவ்விரு நிகழ்ச்சியும் டோலின் உள்ளத்தைத் தைத்தன. அவர் முயற்சியால் 1938இல் தேசியப் பனிச்சறுக்குக் காவற்சங்கம் அந்நாட்டில் நிறுவப்பட்டது. தாம் பட்ட துன்பம் பிறர் படலாகாது என்னும் எண்ணமே அதன் வித்து.

அதே காலத்திற் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரை அடுத்த மலைமேல், வெண்பனியின் இயல்பினை அறிவியல் முறையில் ஆராயும் பணி தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆல்ட்டா என்னுமிடத்தில், மாண்ட்டி அட்வாட்டர் என்பார் வெடிமருந்தினாற் பனிச்சரிவைத் தாமே முன்கூட்டி வீழ்த்தும் முறையினை வளர்த்தார். மக்கள் வருமுன் மலையை இழியச் செய்துவிடின், மக்கள் வந்தபின் அஃது இழியாது என்பதே அம்முறையின் கருத்து.

ஒருநாட் பணி

காவலரது நாள் விடியலுக்கு முன்னரே தொடங்குகின்றது. இரவில் எத்துணை வெண்பனி பெய்தது, காற்று எத்திசையினின்று எத்துணை வேகத்தில் வீசியது, குளிர் எவ்வாறு ஏறியிறங்கியது என்பவற்றை அவர் முதலிற் குறித்துக்கொள்வர். காற்றானது மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்திற் குவிக்குமாதலின், குறைவாகப் பெய்த நாளிலும் பெருங்குவியல் உண்டாதல் கூடும். ஐயமுள்ள இடத்திற் குழியகழ்ந்து அடுக்குகளை ஒவ்வொன்றாக நோக்குவர். அக்குழியின் பக்கத்தில், நீளமும் அகலமும் 30 சென்டிமீட்டர் அளவினதாக ஒரு தூணைத் தனித்து வெட்டி, அதன்மேல் வாரியை வைத்து, மணிக்கட்டினின்று பத்துத்தரமும், முழங்கையினின்று பத்துத்தரமும், தோளினின்று பத்துத்தரமும் தட்டுவர். எத்தனையாவது தட்டில் எவ்வடுக்கு முறிகின்றது என்பதனால் மலையின் நிலையினை உய்த்துணர்வர். வைத்தியர் நாடி பார்த்தல் போன்றது இது.

பின்பு இருவர் இருவராகப் பிரிந்து, அஞ்சத்தக்க சரிவுகளின் மேல்விளிம்பினின்று வெடிமருந்தை எறிந்து பனிச்சரிவைத் தூண்டுவர். இது காவற்பணிகளுள் மிகக் கொடியது. இதிற் காவலர் உயிர்துறந்தமையும் உண்டு. அதன்பின் கயிறுங் கொடியுங் கட்டி, செல்லத்தக்க வழியினையும் செல்லத்தகாத வழியினையும் வரையறுப்பர். பாறையும் தூணும் உள்ள இடங்களில் மெத்தை கட்டுவர். இவையெல்லாம் முடிந்து, காவற்றலைவர் இசைந்த பின்னரே மக்களை மேலேற்றும் கம்பிவண்டிகள் இயங்கும். தலைவர் இசையாவிடின், கீழே ஆயிரவர் காத்து நிற்பினும், அச்சரிவு அன்று திறக்கப்படாது.

பகலில் அவர் பணி மருத்துவத்தோடு ஒத்தது. ஒருவர் வீழ்ந்து அடிபட்டால், இரு சறுக்குக் கட்டைகளைக் குறுக்காக நட்டு ஓர் அடையாளம் அமைப்பர். அதனைக் கண்டார் விலகிச் செல்வர். முழங்காற் சுளுக்கு, மணிக்கட்டு முறிவு, தலையிலடி என்பன மிகுதியும் நிகழ்வன. முறிந்த உறுப்பினை அசையாது கட்டி, அடிபட்டாரைச் சறுக்குவண்டியிற் கிடத்தி, முன்புறத்துக் கைப்பிடியைத் தாம் பற்றிக்கொண்டு செங்குத்தான சரிவிலே மெல்ல இறக்குவர். குளிரால் விரல் வெளுத்து உணர்விழந்தவழி அதனைத் தேய்த்தலாகாது. மீண்டும் உறையாதவாறு காக்கத்தக்க இடத்தை அடைந்தபின்னரே இளஞ்சூட்டு நீரால் வெப்பமூட்டுதல் வேண்டும். மாலையில் எல்லாரும் இறங்கிய பின்னர், காவலர் மலைமுழுதும் பரந்து, எவரேனும் எஞ்சியுளரோ என்று தேடிக்கொண்டே இறுதியாக இறங்குவர்.

இதுகாறுங் கூறியவற்றால், அம்முதியவர் வினாவுக்கு விடை புலனாகும். ஆட்களை வெளியேற்றுதலும், வழியடைத்தலும், வேண்டாவெனத் தடுத்தலுமே இக்காவலின் உயிர்நிலை. சறுக்குந்திறன் அதற்கு ஒரு கால் மட்டுமே. விரைந்து சென்று மீட்பவனைக் காட்டிலும், மீட்கவேண்டிய நிலை வாராமற் செய்தவனே சிறந்த காவலன். ஆயினும் மீட்டவன் செயல் கண்ணுக்குப் புலனாகும். தடுத்தவன் செயல் புலனாகாது. கயிற்றினைக் கண்டு சினந்து திரும்பியவன், தான் உயிர் பிழைத்ததை ஒருநாளும் அறியான்.

பருவந்தோறும் பெயர்தல்

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பனிக்காலமாயிருக்கும்போது தெற்கே வேனிற்காலம். வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களிற் பனிச்சறுக்குப் பருவம் பெரும்பாலும் திசம்பர் முதல் ஏப்பிரல் வரை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி ஆகிய இடங்களில் சூன் முதல் செப்டம்பர் அல்லது அக்டோபர் வரை. ஆகலின் இக்காவலருட் சிலர் பறவைகள் போல ஒரு பனிக்காலத்தினின்று மற்றொரு பனிக்காலத்துக்குப் பெயர்ந்து செல்வர். அயல்நாட்டிற் பணி வேண்டுவார்க்கு மூன்று தகுதிகள் இன்றியமையாதன. எத்தகைய பனியிலும் சுமையோடு தடுமாறாது சறுக்கும் திறன் ஒன்று. முதலுதவிப் பயிற்சியிற் பெற்ற சான்று ஒன்று. பனிச்சரிவுக் கல்வியிற் பெற்ற சான்று ஒன்று. இவற்றோடு அந்நாட்டரசின் பணியிசைவும் வேண்டும்.

இத்தொழிலிற் பெருஞ்செல்வம் ஈட்டலாமென்று கருதுவார் ஏமாறுவர். பணி சில திங்களுக்கே உரியது. மலையடி நகரங்களில் வீட்டு வாடகை மிக உயர்ந்தது. அமெரிக்காவின் பார்க் சிட்டி மலையிற் காவலர் ஏறக்குறைய இருநூற்றுவர், தொடக்க ஊதியத்தை மணிக்கு 21 டாலரினின்று 23 டாலராக உயர்த்த வேண்டும் என்பது முதலிய கோரிக்கைகளோடு, 2024 திசம்பர் 27இல் வேலைநிறுத்தந் தொடங்கினர். அது விடுமுறைக் கூட்டம் மிக்க காலம். காவலரின்றிச் சரிவுகளைத் திறத்தல் இயலாமையின் மலையின் பெரும்பகுதி மூடிக்கிடந்தது. 2025 சனவரி இரண்டாங் கிழமையில் உடன்பாடு ஏற்பட்டு, ஊதியமும் உயர்ந்தது. நாடோறும் தாம் செய்தும் பிறர் காணாதிருந்த பணியினை, செய்யாது விட்டே அவர் காட்டவேண்டியதாயிற்று.

நம் நாடும் நம்மவரும்

இனி நம் நாட்டினை நோக்குவோம். காசுமீரத்துக் குல்மார்க் என்னுமிடம் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே 1998இலும் 2005இலும் இருகட்டமாக அமைக்கப்பட்ட கம்பிவண்டி, அபர்வத் மலையின் மேற்பகுதியில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரம்வரை மக்களை ஏற்றிச்செல்கின்றது. மலைமுகட்டைச் சார்ந்த பரப்பு மிகப்பெரிது. காவலர் காத்து வரையறுத்த பகுதி அதனுள் ஒரு சிறு கூறே. 2023 பிப்ரவரி முதல் நாளன்று அம்மலையின் வரையறைக்குப் புறத்தே இழிந்த பனிச்சரிவிற் போலந்து நாட்டார் இருவர் இறந்தனர். உடன் சென்ற பலர் மீட்கப்பட்டனர். குல்மார்க்கிலேயே 1948இற் படைவீரர்க்கெனத் தொடங்கிய பனிச்சறுக்குப் பள்ளி, இன்று உயர்மலைப் போர்ப்பள்ளியாக விளங்குகின்றது. பனியில் வல்லாரையும் பனி விடுவதில்லை என்பதற்கு அப்பள்ளியே சான்று. 2010 பிப்ரவரி 8இல், அங்குப் பயிற்சியிலிருந்த வீரர் பதினெழுவர் பனிச்சரிவில் மாண்டனர். பனிச்சரிவை ஆராய்ந்து முன்னறிவித்தற்கென 1969இல் மணாலியில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பட்டது. அதன் பணி இன்று சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புத்துறை நிறுவனம் ஒன்றனுட் சேர்ந்து நடைபெறுகின்றது.

பனியறியா நிலத்தார் பனிமலைக் காவல் பூணலாகுமா என்னும் வினாவுக்கு விடை, இக்குல்மார்க்குக்கும் வடகிழக்கே சியாச்சின் பனியாற்றின்மேல் உள்ளது. 1984 முதல் நம் படைவீரர் அங்கே காவல் புரிகின்றனர். அவர் காப்பது நாட்டெல்லையே, விளையாட்டுக் களமன்று. ஆயினும் பனியும் சரிவும் ஒன்றே. 2016 பிப்ரவரி 3இல், ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலுள்ள காவல்நிலை ஒன்றன்மேற் பனிச்சுவர் சரிந்து வீழ்ந்தது. ஆண்டிருந்தோர் பதின்மர். அவர் சென்னைப் படைப்பிரிவின் பத்தொன்பதாம் அணியினர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர். வேலூர், தேனி, மதுரை, கிருட்டினகிரி மாவட்டங்களைச் சேர்ந்த சிற்றூர்களிற் பிறந்தோர். கருநாடகத்து அனுமந்தப்பா கொப்பத் என்பார் ஆறு நாட்களுக்குப்பின், பல அடி ஆழத்தினின்று உயிரோடு எடுக்கப்பட்டார். மீட்போர் மோப்ப நாய்களின் துணையோடு, கல்போல் இறுகிய பனியை வெட்டி அவரை அடைந்தனர். நாடு முழுதும் அவர்க்காக வேண்டிநின்றது. எனினும் பிப்ரவரி 11இல் அவர் தில்லியில் உயிர் நீத்தார். பதின்மருள் ஒருவரும் பிழைத்திலர்.

வேலூரின் வெயிலிலும் தேனியின் தென்றலிலும் வளர்ந்தார், தம் மொழியிற் பெயரில்லாத பனியின் நடுவே காவல் நின்றனர். நிலம் ஒருவனுடைய தகுதியை வரையறுப்பதில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. ஆயின், இச்சான்று மற்றொன்றனையும் உடன் உணர்த்துகின்றது. பயிற்சியும் துணிவும் உடையாரையும் மலை கொள்ளும். ஆகலின் எங்கும் எவராலும் இயலும் என்று எளிதாகக் கூறிவிடுதல், இறந்தார்க்கு நாம் செய்யும் நன்றியாகாது.

முடிபு

தேநீர்க்கடையில் எழுந்த வினாவுக்கு யாம் காணும் விடை இதுவாகும். பனியைக் காணாது வளர்ந்தமை ஒரு குறையே; தீராக் குறையன்று. பனிநாட்டார் இளமையிற் காலாற் கற்றதனை, நம்மவர் பிற்காலத்திற் பன்முறை வீழ்ந்து கற்றல் வேண்டும். அதற்கு ஆண்டுகள் செல்லும். ஆனால் அடுக்கறிந்து ஐயுறுதலும், விரிசல் கண்டவிடத்து நாணாது பின்வாங்குதலும், பிறர் சினப்பினும் வழியடைத்து நிற்றலும் பனிநாட்டார்க்கே உரியன அல்ல. அவற்றை எம்மூர்ச் சுரங்கத்தில் உழைத்த முதியவர் ஒருவர், வெண்பனியை ஒருநாளும் காணாமலே கற்றிருந்தார்.

நண்பர்க்கு அவர் தந்தையார் இசைவளித்துவிட்டார். ஆனால் ஒரு வரையறையோடு. அயல்நாட்டுக்கு உடனே விண்ணப்பித்தலாகாது. வரும் பனிக்காலத்திற் குல்மார்க் சென்று தொடக்கப்பயிற்சி பெறுதல் வேண்டும்; முதலுதவிச் சான்று பெறுதல் வேண்டும்; பனிச்சரிவுக் கல்வி அதன்பின்; கடல்கடந்த பணி அதற்கும்பின். "படிப்படியாக இறங்கினால்தான் சுவர் நிற்கும்" என்று அவர் கூறியதனை யாம் மறக்கவில்லை. நண்பரும் தேநீர்க்கடையில் நகைத்தவரிடமே கம்பளிச்சட்டை ஒன்று இரவலாகப் பெற்றுக்கொண்டார். அவர் மகன் தில்லியில் வேலை பார்ப்பவராதலின், அவ்வில்லத்தில் அது கிடந்தது.

மாணவ நண்பர்காள், தொழில் நாடி நம்மவர் பல நாடுகளுக்குச் செல்லும் காலம் இது. எத்தொழிலை மேற்கொள்ளினும், எத்துணைப் பொருள் வரும் என்று வினவுதல் இயல்பே. அவ்வினாவோடு, அம்முதியவர் வினாவினையும் சேர்த்து வினவுதல் நன்று. இடர் வருமெனக் கண்டவிடத்து அதனைச் சொல்லித் தடுக்கும் உரிமையும் அறிவும் நமக்கு உண்டா? அவ்விரண்டும் உள்ளவழியே, பிறர் உயிரைக் காக்கும் பொறுப்பினை நாம் ஏற்றல் தகும்.